தானாக ஓடிய கிலோமீட்டர்கள்

மதிப்பிற்குரிய பழைய கார் சங்கச் செய்தி ஆசிரியர் திரு. வெண்ட்லர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

உறுப்பினர் எண் 117, ஓய்வுபெற்ற நகராட்சி நில அளவையாளர் ஓட்மார் ஷாய்ஃபெலே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்களுடைய பச்சை ஓப்பலும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு நானும் என் வண்டியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வண்டி நலம். என்னைப் பற்றி அப்படி எழுத மனசாட்சி இடம் தரவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணி நான்கு நிமிடத்திலிருந்து நான் நிதானத்தில் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

இலையுதிர்கால இதழுக்காக, 1986ஆம் வருடத்து என் பதினாறு வால்வு மெர்சிடிஸ் 190ஐயும் 1988ஆம் வருடத்து என் மைத்துனன் அலோயிஸின் பி.எம்.டபிள்யூ எம்-3ஐயும் ஒப்பிட்டு, அட்டவணையோடு நான்கு பக்கம் கேட்டிருந்தீர்கள். அட்டவணை தயார். ஆனால் அனுப்பப் போவதில்லை. ஏன் என்று தெரிந்தால் நீங்களே வேண்டாம் என்பீர்கள். முதலில் இந்த ஒப்பீடு எதற்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் போன குளிர்காலத்தில் காலமானார் அல்லவா, ஆல்ப் மேட்டின் மேலே அவருடைய வீடு என் மனைவி ரோஸ்விதாவுக்கும் அவள் தம்பி அலோயிஸுக்கும் பாதிப் பாதியாக வந்தது. வீட்டில் அறைகள் ஏழு. கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றே ஒன்று. ஈரம் தெரியாத, காங்கிரீட் தரை போட்ட, ஒரே ஒரு வண்டி நிற்கும் கொட்டகை. நான் முப்பத்தெட்டு வருடமாக வண்டி நிறுத்தியிருக்கும் வைக்கோல் கிடங்கை நவம்பரில் இடிக்கப் போகிறார்கள். அலோயிஸ் மியூனிக்கில் வாடகைக்கு எடுத்திருந்த இடத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆக, இரண்டு வண்டியில் ஒன்று இந்தக் குளிர்காலத்தைத் தெருவில், பனியிலும் சாலை உப்பிலும் கழிக்க வேண்டும். உப்பு பட்ட தகடு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு வசந்தம் போனால் அதை விற்கக்கூட முடியாது. எனக்கு இதில் தூக்கம் போயிற்று.

அலோயிஸைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் நம்மைப் போல அசல் ஷ்வாபியன், மெர்சிடிஸ் பிறந்த மண்ணின் பிள்ளை. இருபது வயதில் மியூனிக்குக்கு வேலைக்குப் போனவன், வரும்போது அந்த ஊர்ப் பேச்சோடும் அந்த ஊர் வண்டியான பி.எம்.டபிள்யூவோடும் வந்தான். அவனை நான் மன்னித்துவிட்டதாக முப்பத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவனோ என்னைப் பார்த்ததும், "என்ன அத்தான், டாக்ஸி எப்படி இருக்கு?" என்பான். ஊரில் ஓடும் டாக்ஸியெல்லாம் மெர்சிடிஸ் என்பதால் என் வண்டி டாக்ஸியாம்! நானும் சும்மா விடுவதில்லை. "மாப்ளே, உன் வண்டிக்கு முதுகுல ஒரு பலகை நட்டு வெச்சிருக்கியே, அதுல துணி காயப் போடுவியா?" என்பேன். இப்படி ஆயிற்று, ஒப்பீட்டில் எந்த வண்டி ஜெயிக்கிறதோ அதற்கே கொட்டகை என்று சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சி ரோஸ்விதா. கையெழுத்துப் போடும்போது அவள் சிரித்தாள். அதை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும்.

இனி, ஐயா, தங்களுக்கும் எனக்கும் இடையிலான பழைய விவகாரம். அதை விட்டுவிட்டு மேலே போனால் ஒன்றும் புரியாது. நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம் கிலோமீட்டர்மானியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறவன். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மாதம் ஒருமுறை பதினாறு கிலோமீட்டர், எஞ்சின் எண்ணெய் சுற்றி வருவதற்காக; குளிர்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவேன். அதோடு சங்க ஊர்வலங்கள். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் பார்த்தால், போன தடவை எழுதியதற்கு மேல் நூற்றறுபத்தெட்டு கிலோமீட்டர் காட்டுகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து வாரா வாரம் போய்ப் பார்த்தேன். நின்ற இடத்தில் நின்றபடியே வாரத்துக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியது. வண்டி நகரவில்லை என்பதற்கு என்னிடம் அசைக்க முடியாத ஆதாரங்கள் இருந்தன. சக்கரம் நிற்கும் இடத்தில் தரையில் சாக்குக்கட்டிக் கோடு. இருக்கை நிற்கும் இடத்தில் பென்சில் கோடு. பெட்ரோல் முள் நிற்கும் இடத்தில் கண்ணாடி மேல் மெழுகுக் கோடு. மூன்றும் மயிரிழை பிசகவில்லை. ஒரு நில அளவையாளனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மானிதான் பழுது என்று முடிவு கட்டித் தங்கள் "நிபுணர் பதில்" பகுதிக்கு எழுதினேன். காற்றின் ஈரத்தால் மானியின் பல்சக்கரம் தானாக நகர வாய்ப்புண்டு என்று ஒன்றரைப் பக்கத்துக்குப் படத்தோடு பதில் போட்டீர்கள். நான் மானியை மாற்றினேன். புது மானியும் நாற்பத்திரண்டு. மறுபடி மாற்றினேன். நாற்பத்திரண்டு. வைக்கோல் கிடங்கில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தேன். நாற்பத்திரண்டு! ஆகஸ்டில் இரண்டு வாரம் மட்டும் நோய் தணிந்தது, ஏன் என்று கேட்டு எழுதியதற்கு, ஆகஸ்ட் வறண்ட மாதம் என்றார் உங்கள் நிபுணர். டயர் தேய்கிறதே என்றேன். ரப்பர் வயதானால் தானே உதிரும் என்றார். அதையும் நம்பினேன். குறிப்பேட்டில் "ஓட்டியது", "தானாக ஓடியது" என்று இரண்டு பத்தி போட்டு, பதினோரு வருடமாக இரண்டையும் நிரப்பி வருகிறேன்.

சனிக்கிழமைக்கு வருவோம். ஆல்ப் மேட்டுச் சாலையின் அடிவாரத்திலிருந்து மாமனார் வீட்டு வாசல் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், கொண்டை ஊசி வளைவு ஆறு. மேலே போய்த் திரும்பிக் கீழே வர வேண்டும். ஒன்பதிலிருந்து பத்தரை வரை சாலையை அடைத்துக்கொள்ள ஊராட்சியில் முத்திரை குத்திய அனுமதி வாங்கியிருந்தேன். நடுவர், வாகனத் தகுதிச் சோதனையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற திரு. ராப். மனிதர் கையில் சின்னச் சுத்தியலோடுதான் கல்யாணத்துக்கும் வருவார். முதல் சோதனை, பின்பக்கப் பெட்டியில் எத்தனை பீர் கிரேட் கொள்ளும் என்பது. என் வண்டியில் ஏழு, அவன் வண்டியில் ஆறு. "அது உங்க ஊரு கிரேட்டு அத்தான், சின்னது. எங்க ஊரு கிரேட்டு வெச்சுப் பாருங்க" என்று அலோயிஸ் தகராறு. அவன் வண்டியில் ஏற்றிய ஆறும் அவன் ஊரிலிருந்து கொண்டு வந்தவை, அயோக்கியன். பதின்மூன்று கிரேட்டையும் இறக்கி என் வண்டிக்குப் பின்னால் அடுக்கி வைத்துவிட்டு அளவுநாடாவோடு அரைமணி நேரம் சண்டை போட்டோம். அதன் பிறகு ராப் வண்டிக்கடியில் படுத்துச் சுத்தியலால் தட்டினார். இரண்டிலும் துருவில்லை. எழுந்து என் டயரைத் தடவிப் பார்த்தார்.

"ஷாய்ஃபெலே, வண்டிய நல்லா ஓட்டுறீங்க போல?"

"எங்க ஓட்டுறேன்? மாசம் பதினாறு கிலோமீட்டர். அது ரப்பர் உதிர்றது. சங்கச் செய்தியிலயே வந்திருக்கு."

ராப் என்னைப் பார்த்தார். ரோஸ்விதாவைப் பார்த்தார். ரோஸ்விதா தான் கொண்டு வந்திருந்த கேக்கைப் பார்த்தாள். கேக் இரண்டு. நான்கடுக்கு செர்ரிக் கேக், மேலே பாலாடை. வண்டியின் பின்னிருக்கையில் வைத்து மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் கேக் குலையாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் மூன்றாவது சோதனை. வேகமும் வேண்டும், கேக்கும் வேண்டும். வண்டிக்கு ஒன்று என்று அவளே இரண்டு செய்திருந்தாள்.

அதற்கு முன் வெறும் வண்டியில் அவரவர் ஒரு சுற்று போய்ப் பார்த்தோம். நான் ஆறு நிமிடம் நாற்பத்து நான்கு வினாடி. அலோயிஸ் அவன் கடிகாரத்தில் ஆறு நாற்பத்தொன்று, என் கடிகாரத்தில் ஆறு நாற்பத்தேழு. "உங்க கடிகாரத்துலயும் ஈரம் பூந்துருச்சா அத்தான்?" என்றான். அவன் கழுத்தைப் பிடிக்காதது என் பெருந்தன்மை. கடைசியில் ராப்தான், இரண்டு வண்டியையும் ஒரே ஆள் ஓட்டினால் தகராறு இல்லை, நானே ஓட்டுகிறேன் என்றார். நியாயம்தானே? ஒப்புக்கொண்டோம். முதல் கேக்கை, வண்டிக்குள் வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் என்று, கிரேட் அடுக்கின் மேல் வைத்திருந்தாள் ரோஸ்விதா. ராப் என் வண்டியில் உட்கார்ந்தார். ஐயா, எங்கள் இரண்டு வண்டியிலும் முதல் கியர் மற்ற வண்டிகள் மாதிரி இடப்பக்கம் மேலே இல்லை, இடப்பக்கம் கீழே என்பது உங்களுக்குத் தெரியும். மேலே தள்ளினால் பின்னோக்கிப் போகும். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. முப்பது வருடச் சோதனையாளருக்குச் சொல்வார்களா என்ன? மனிதர் பத்து வருடமாகக் கியரே போடாத தானியங்கி வண்டி ஓட்டுகிறவர். உலக வழக்கப்படி மேலே தள்ளி, ஜோராக ஒரு மிதி மிதித்தார்.

பதின்மூன்று கிரேட். இருநூற்றறுபது புட்டி. சாலை முழுக்க நுரை. வண்டிக்குப் பின்பக்கம் ஒரு கீறல்தான், அதைப் பிறகு அளந்தேன், நான்கு சென்டிமீட்டர். ஆனால் கேக் இருந்த இடத்தில் கேக் இல்லை. அது அலோயிஸின் சட்டையில் இருந்தது. ராப் வெளுத்துப்போய் இறங்கி, "இனிமே நான் தொட மாட்டேன்" என்று புல்மேல் உட்கார்ந்துவிட்டார். சாலையைத் திறக்க இன்னும் இருபத்தாறு நிமிடம்தான். நான் அலோயிஸைத் திட்ட, அவன் என்னைத் திட்ட, யார் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. அப்போது ரோஸ்விதா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தாள்.

"போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும். சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"கேக்கு இன்னொண்ணு இருக்கு. அதையும் நீங்க தரையில போடறதுக்குள்ள நானே ஓட்டிட்டு வந்துர்றேன்."

"நீயா? ரோஸ்விதா, இது மளிகைக்குப் போற வண்டி இல்ல. இதுல கியரு—"

அவள் ஏறி உட்கார்ந்தாள். குனிந்து, என் பென்சில் கோட்டிலிருந்து இருக்கையை நான்கு பல் முன்னால் இழுத்தாள். எண்ணிக்கொண்டிருந்தேன், சரியாக நான்கு பல். பிறகு கையை நீட்டி, கியரைப் பார்க்கக்கூட இல்லை ஐயா, என்னைப் பார்த்துக்கொண்டே, இடப்பக்கம் தள்ளிக் கீழே இழுத்தாள். பத்து மணி நான்கு நிமிடம். வண்டி பூனை மாதிரி நகர்ந்து போயிற்று. முப்பத்தெட்டு வருடமாக, அன்று ராப் உட்காரும் வரை, அந்த இருக்கையில் என்னைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை என்றுதான் நான் கோவிலில் கேட்டாலும் சொல்லியிருப்பேன்!

ஆறு நிமிடம் பன்னிரண்டு வினாடி. இறங்கினாள், அலோயிஸின் வண்டியில் ஏறினாள், கேக்கை மாற்றி வைத்தாள், போனாள், வந்தாள். ஆறு பன்னிரண்டு. இரண்டு கடிகாரத்திலும் ஒரே நேரம். கேக்கின் மேலிருந்த செர்ரிப் பழம் ஒன்றுகூட உருளவில்லை. அலோயிஸ் சட்டையிலிருந்து பாலாடையை வழித்துக்கொண்டே, "அக்கா, எப்பக்கா இதெல்லாம்?" என்றான். புல்மேல் உட்கார்ந்திருந்த ராப்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஷாய்ஃபெலே, உங்க வீட்டுலருந்து உங்க மாமனார் வீடு எத்தன கிலோமீட்டரு?"

"இருபத்தொண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது. நாற்பது வருடம் நகரத்தையே அளந்தவன் நான். இருபத்தொன்றை இரண்டால் பெருக்கப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது.

"வியாழக்கெழம நீங்க நம்ம சின்ன வண்டிய எடுத்துக்கிட்டு ஆண்கள் பாட்டுக் குழுவுக்குப் போயிருவீங்க" என்றாள் ரோஸ்விதா. "ரெண்டு மணிக்குப் போனா அஞ்சரைக்குத்தான் வருவீங்க. மேட்டுக்கு பஸ்ஸு ஒருநாளைக்கு ரெண்டு. எங்கப்பா தனியா கெடந்தாரு. கேக்கை எடுத்துக்கிட்டு பஸ்ல போய்ப் பாத்திருக்கீங்களா நீங்க? ஒருநாள் மழையில நின்னேன். மறுவாரம் சாவிய எடுத்தேன்."

"பெட்ரோல்?"

"வர்ற வழியில போட்டுருவேன். நீங்கதான் எதுவரைக்கும்னு கோடு போட்டு வெச்சிருந்தீங்களே."

"சாக்குக்கட்டி?"

"அது ரொம்ப ஒத்தாசையா இருந்துது."

ஐயா, நான் போட்ட கோடுகள்! திருடனுக்கு நானே வழி காட்டிப் பலகை நட்டிருக்கிறேன். ஆகஸ்டில் இரண்டு வாரம் எங்கள் பாட்டுக் குழுவுக்கு விடுமுறை. நான் வீட்டில் இருந்தேன். அதுதான் உங்கள் நிபுணரின் வறண்ட மாதம்! இன்னும் கேளுங்கள். என் மாமனார், நான் போனால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருப்பாரே அந்த மனிதர், அவளுக்காக முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, அடிவாரத்தில் ஹாரன் சத்தம் கேட்டதும் திருகிவிட்டு நேரம் பார்ப்பாராம். "அப்பா கடைசியா பாத்தப்ப மூணு நிமிஷத்துக்கு ஒரு வினாடி கொறச்சல். அன்னைக்கு ரெண்டு துண்டு கேக்கு சாப்ட்டாரு" என்றாள். அவர் போன பிறகும் இந்த வருடம் வியாழன் தவறாமல் போயிருக்கிறாள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாளாம். நான் சத்தம் போட்டேன்.

"பதினோரு வருஷம்! ரெண்டு மானி மாத்தினேன்! ஆசிரியருக்கு எழுதினேன், பட்டறையில கேட்டேன், நிபுணரக் கேட்டேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எல்லாரையும் கேட்டீங்க" என்றாள் ரோஸ்விதா. "என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? கேட்டா சொல்லிரணும்னுதான் பதினோரு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்."

அலோயிஸ் வாய்விட்டுச் சிரித்தான். நான் அவனோடு வீடு வரைக்கும் பேசவில்லை.

ஆகவே, ஐயா, தங்களிடம் நான் கோருவது இதுதான். நிபுணரின் ஈரப்பதப் பதிலைத் தாங்கள் முதல் பக்கத்தில் வாபஸ் பெற வேண்டும். ரோஸ்விதா ஒப்பந்தத்தில் சாட்சியே தவிரப் போட்டியாளர் அல்ல என்பதால் அவள் எடுத்த நேரம் இரண்டும் செல்லாது. செல்லாது என்றால் மிஞ்சுவது கிரேட் கணக்கு. ஏழுக்கு ஆறு. எனவே என் வண்டியே மேலானது, கொட்டகையும் என் வண்டிக்கே. எடை குறைவு, குதிரைசக்தி அதிகம் என்று அலோயிஸ் கடிதம் எழுதினால் போட வேண்டாம். நாளைக்கே என் கியர்த்தண்டுக்குப் பூட்டு வாங்கி மாட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளப் போகிறேன். பாட்டுக் குழுவிலிருந்தும் விலகுகிறேன். வியாழக்கிழமைகளில் இனி நான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். இது என் உறுதியான, இறுதியான, திருத்தத்துக்கு இடமில்லாத முடிவு.

தங்கள் இல்லத்தாருக்கு என் அன்பும் மரியாதையும். குழந்தைகளுக்கு ஆசிகள். தங்கள் ஓப்பலின் தகட்டில் உப்பு படாமலும், அதன் மானி தாங்கள் ஓட்டியதை மட்டுமே காட்டியும், தாங்கள் நீண்ட நாள் வாழ வாழ்த்தும்,

ஓட்மார் ஷாய்ஃபெலே
உறுப்பினர் எண் 117

பி.கு.: இந்தக் கடிதத்தைத் திங்கள் எழுதி முடித்தேன். தபால்தலை வாங்க மறந்ததில் வியாழன் ஆகிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு நான் பாட்டுக் குழுவுக்குக் கிளம்பவில்லை. பூட்டும் வாங்கவில்லை. ரோஸ்விதா சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "வர்றீங்களா?" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக என் வண்டியில் வலப்பக்கம், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன், மடியில் கேக்கோடு. நான்காவது வளைவில் கத்திவிட்டேன். ஐந்தாவதில் கத்தவில்லை. மேலே போய் மாமனார் வாசலில் உட்கார்ந்து, "ரெண்டு வண்டியில எதும்மா நல்லாருக்கு?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் சொன்னாள். பிரேக் எங்கே கடிக்கிறது, ஸ்டியரிங் எங்கே பேசுகிறது, எந்த வளைவுக்கு எது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தேன், பதினொரு பக்கம். இத்துடன் இணைத்திருக்கிறேன். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை ரோஸ்விதா ஷாய்ஃபெலே என்ற பெயரில் போடுங்கள். அட்டவணை தேவையில்லை.

கொட்டகை யாருக்கு என்று அதில் இல்லையே என்பீர்கள். அதையும் கேட்டேன். "யாரு வண்டிய அதிகமா ஓட்டுறாங்களோ அவங்க வண்டிக்கு" என்றாள். அலோயிஸ் தொலைபேசியில் கணக்குச் சொன்னான், பதினோரு வருடத்தில் ஒன்பதாயிரத்து நூறு. நான் குறிப்பேட்டைத் திறந்து கூட்டினேன். "ஓட்டியது" பத்தியில் நாலாயிரத்து முந்நூற்று எண்பது. "தானாக ஓடியது" பத்தியில் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். ஆக, கொட்டகை என் வண்டிக்குத்தான். அலோயிஸும் ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு திருத்தம், சங்கப் பதிவேட்டில் அந்த வண்டிக்கு எதிரே உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். அதை மாற்றிவிடவும்.